மணிக்கட்டில் இல்லாத நாடி

எங்கள் கம்பெனியில் மயக்கம் போட்டு விழுகிற பெண்ணுக்கு ஒரே வைத்தியம்தான். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு. காலையில் சாப்பிடாமல் ஓடி வந்தவளுக்கும் அதுதான், வயிற்றுவலியில் சுருண்டவளுக்கும் அதுதான், புருஷனிடம் அடி வாங்கிக்கொண்டு வந்தவளுக்கும் அதுதான். முதலுதவி அறை சிஸ்டர் ஒரு பிளாஸ்டிக் டப்பா நிறைய உப்பு வைத்திருப்பார். காவேரிக்குக் கொடுத்த உப்பை மட்டும் சேர்த்து வைத்திருந்தால் ஊறுகாய் ஜாடி ஒன்று நிறைந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

என் பெயர் பேச்சியம்மாள். சங்கரன்கோயில் பக்கம் பிறந்தவள். வீட்டுக்காரர் பொன்னுசாமிக்கு ஓசூரில் வேலை கிடைத்ததும் இங்கே வந்தோம். நானும் சிப்காட்டில் ஒரு வயரிங் கம்பெனியில் சேர்ந்தேன். கார், டிராக்டர் உள்ளே ஓடுகிற வயர்களை ஒன்றாகச் சேர்த்து டேப் சுற்றி அனுப்புகிற இடம் அது. ஆள் உயரத்துக்கு ஒரு பலகை சாய்ந்து நிற்கும். அதில் வயர்களை வழியோடு மாட்டி, கையைத் தூக்கித் தூக்கி டேப் சுற்ற வேண்டும். ஷிஃப்ட் முழுக்கக் கை தோளுக்கு மேலேயே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் முதல் வாரம் சோற்றைப் பிசையக்கூட முடியாமல் அழுவார்கள், அப்புறம் பழகிவிடும்.

இரண்டாயிரத்து மூன்றில் காவேரி என் பக்கத்துப் பலகைக்கு வந்தாள். தளிக்கு மேலே ஒரு ஊர். அப்பா ராமப்பனும் அம்மா சாந்தம்மாவும் கோஸ் தோட்டத்திலும் ரோஜாத் தோட்டத்திலும் கூலி வேலை. வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் தெலுங்கு. சூளகிரிப் பக்கம் முனிராஜ் என்பவனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தை அனுப்ரியாவை மாமியார் வெள்ளையம்மாவிடம் விட்டுவிட்டு கம்பெனி பஸ்ஸில் வருவாள். வாய் என்றால் வாய், அப்படி ஒரு வாய். நான் "ஏட்டி" என்று கூப்பிடுவதை வைத்தே என்னை வாரம் முழுக்க ஓட்டினாள். யார் டப்பாவைத் திறந்தாலும் முதல் கை அவளுடையதுதான். என் டப்பாவில் மட்டும் வைக்க மாட்டாள். என் வீட்டுக்காரருக்குப் பிரஷர், எங்கள் வீட்டில் உப்பு கிடையாது. ஆஸ்பத்திரிச் சோறு என்று அதற்குப் பெயர் வைத்திருந்தாள்.

அடுத்த வருஷம் அவள் கை தளர ஆரம்பித்தது. பழகாத கை தளர்ந்தால் அதில் ஒன்றும் இல்லை. இவளுடையது பழகிய கை. டேப்பை நாலு சுற்று சுற்றுவாள், கையைக் கீழே போட்டுவிட்டு உதறுவாள். விரல் வெளுத்துப்போய் ஜில்லென்றிருக்கும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். கழுத்து வலிக்கிறது என்பாள். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது. லைன் லீடர் அவள் நடிக்கிறாள் என்றே சொல்லித் திரிந்தான். ஒருநாள் அவள் இரண்டு கையையும் என் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னாள்.

"கை இருக்குதுக்கா. அதுல உசுரு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். அவள் எதையும் பெரிதாக்கிப் பேசுகிறவள்தானே.

பிறகு ஒருநாள் பலகையைப் பிடித்துக்கொண்டே சரிந்தாள். முதலுதவி அறையில் சிஸ்டர் அவள் கையில் பட்டையைக் கட்டிக் காற்றடித்துப் பார்த்தார். எண்பதுகூட இல்லை. லோ பிபி. அந்தக் காலத்தில் எங்கள் லைனில் பாதிப் பெண்களுக்கு அந்தப் பட்டம் உண்டு. அதை யாரும் நோயாகவே எடுத்துக்கொள்வதில்லை. உப்பு சேர்த்துக்கொள், தண்ணீர் குடி, அவ்வளவுதான். காவேரிக்குச் சந்தோஷம்கூட. கை தளர்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டது, இனி லைன் லீடர் வாயைத் திறக்க முடியாது. சாந்தம்மா தளியிலிருந்து ஊறுகாய் கொடுத்தனுப்பினாள். லைனில் ஒருத்தி கருவாடு, ஒருத்தி உப்பு மோர். என் வீட்டுக்காரருக்கு ஹை, அவளுக்கு லோ, இரண்டு பேரும் பாதிப் பாதி மாற்றிக்கொண்டால் என்ன என்று எங்களுக்குள் ஒரே கேலி. பார்க்கும்போதெல்லாம் எண் குறைவாகவே இருந்தது. பார்க்கும்போதெல்லாம் உப்புக் கூடியது.

இரண்டாயிரத்து ஐந்தில் ஒரு மத்தியானம், தலை வெடிக்கிறது என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண் தெரியவில்லை என்றாள். அப்படியே வலிப்பு வந்துவிட்டது. கம்பெனி வண்டியில் போட்டு, எல்லை தாண்டி பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கேயும் முதலில் கையில் பட்டை கட்டிப் பார்த்துவிட்டு விழித்தார்கள். இவ்வளவு குறைந்த பிரஷரில் இந்த வலிப்பு எப்படி வரும் என்று அவர்களுக்கே குழப்பம். பிறகு ஒரு லேடி டாக்டர் வந்தார். மணிக்கட்டைத் தொட்டார், முழங்கையைத் தொட்டார், கழுத்தில் குழாயை வைத்துக் கேட்டார். போர்வையை விலக்கி, பட்டையைத் தொடையில் கட்டச் சொன்னார். இருநூறைத் தாண்டி நின்றது.

அதுதான் அவளுடைய உண்மையான பிரஷர். கைக்குப் போகிற ரத்தக்குழாய் இரண்டும் தோள் பக்கத்திலேயே ஏறக்குறைய மூடிப்போயிருந்தன. கையில் கட்டிப் பார்த்தால் அடைப்பைத் தாண்டிக் கசிந்து வருவதுதானே தெரியும்? உள்ளே நெஞ்சிலும் மூளையிலும் ரத்தம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. நாங்கள் அதன் தலையில் உப்பைக் கொட்டிக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்ததும் முதலுதவி அறைக்குப் போய்க் கத்தினேன். அந்த சிஸ்டர் அழுதுவிட்டார். எண் என்ன காட்டியதோ அதற்குத்தான் அவர் வைத்தியம் பார்த்தார், அந்த எண்ணே பொய் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரை வைவதிலும் அர்த்தமில்லை என்று புரிந்ததும் என் கோபம் இன்னும் கூடியது. கோபத்தை இறக்கி வைக்க ஓர் ஆளாவது வேண்டுமே.

அடுத்தடுத்த தடவை பெங்களூருக்கு நானும் துணைக்குப் போனேன். அந்த டாக்டர் கன்னடத்தில் விளக்குவார், காவேரி பஸ்ஸில் வரும்போது எனக்குத் தமிழில் சொல்வாள். உடம்பில் காவலுக்கென்று அணுக்கள் இருக்கின்றன. கிருமி வந்தால் ஓடிப்போய்ச் சண்டை போடுகிறவை. அவை இவளுடைய பெரிய ரத்தக்குழாய்களின் சுவருக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டன. அங்கே கிருமி எதுவும் இல்லை. ஆனாலும் இருக்கிறது என்று அவை சேதி அனுப்புகின்றன. வாயால் இல்லை, ரசாயனமாகச் சுரந்து அனுப்புகிற சேதி. அந்தச் சேதி சுவரில் இருக்கிற அணுக்களின் உள்ளே, ஜீன் வரைக்கும் போகிறது. அங்கே சும்மா கிடக்க வேண்டிய ஜீன்கள் விழித்துக்கொள்கின்றன. வேலை செய்துகொண்டிருந்தவை படுத்துவிடுகின்றன. சுருங்கி விரிவதுதான் அந்தச் சுவர் அணுவின் வேலை. அது அந்த வேலையை விட்டுவிட்டுப் பெருகுகிறது, நார் நாராகத் தடிக்கிறது, இன்னும் ஆள் வேண்டும் என்று தானும் சேதி விட ஆரம்பிக்கிறது. அதைக் கேட்டு இன்னும் காவல் அணுக்கள் வருகின்றன. சுவர் உள்பக்கமாகத் தடித்துத் தடித்து வழி அடைகிறது. முதலில் இதெல்லாம் ஏன் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாதாம்.

காவேரி டாக்டரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஜீன் கெட்டுப்போய்விட்டதா, அப்படியென்றால் அனுப்ரியாவுக்கும் வருமா? டாக்டர் இல்லை என்றாராம். ஜீனில் எழுதியிருப்பது சரியாகத்தான் இருக்கிறது, எதைப் படி, எதை மூடு என்று வருகிற உத்தரவுதான் தப்பு. பிள்ளைக்கு வரும் என்று பயந்து சாக வேண்டாம் என்றாராம். பஸ் அத்திப்பள்ளி தாண்டும்போது அவள் இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

"வயரிங் சரியாத்தான் இருக்குதுக்கா. சிக்னல்தான் தப்பா வருது."

மாத்திரை கொடுத்தார்கள். ஸ்டீராய்டு. அது அணுவுக்குள்ளேயே போய் அந்த ஜீன்களை அடக்கிவிடுமாம், சேதி வந்தாலும் அவை எழுந்திருக்காதாம். பிரஷருக்கு வேறு மாத்திரை. ஏற்கெனவே மூடிய குழாய் திறக்காது. கைநாடி இனி வரப்போவதில்லை. அதற்காக டாக்டர் ஒன்றை அழுத்திச் சொன்னார், முனிராஜையும் என்னையும் நிற்க வைத்து அரைகுறைத் தமிழிலேயே சொன்னார். வீட்டில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இவளுக்கு ஏதாவது ஆனால் கையைப் பார்க்காதீர்கள். கழுத்தைப் பாருங்கள், காலைப் பாருங்கள். பாதத்தின் மேலே, கட்டைவிரலுக்கு நேர் மேலே எங்கே தொட வேண்டும் என்று என் விரலைப் பிடித்து வைத்துக் காட்டினார். தொட்டேன். கையில் இல்லாததெல்லாம் அங்கே இருந்தது. திம் திம்மென்று அடித்தது.

காவேரி அதை வீட்டில் சொல்ல விடவில்லை. ரத்தக்குழாய் வீக்கம், மாத்திரை சாப்பிட வேண்டும், உப்பு ஆகாது, இவ்வளவுதான் வெள்ளையம்மாவுக்குத் தெரியும். நாடி இல்லை என்ற பேச்சு அந்த வீட்டு வாசலுக்குள் நுழையவே இல்லை. நான் இரண்டு மூன்று முறை சண்டை போட்டேன். வெள்ளையம்மா கெட்டவள் இல்லை, நல்ல மனுஷி, சொன்னால் புரிந்துகொள்வாள் என்றேன். அவள் கேட்கவில்லை.

"நாடி இல்லாதவன்னு தெரிஞ்சா பொணத்தோட சேத்திதான்க்கா. ஒரு கல்யாணத்துல ஆரத்தி எடுக்க விடுவாங்களா? எம் புள்ளை தலையில பூ வெக்கவே யோசிப்பாங்க."

முனிராஜும் அவள் பக்கம். அம்மா பயந்துவிடுவாள் அக்கா, நான்தான் இருக்கிறேனே என்றான். அந்த ஊரில் எனக்கு என்ன உரிமை? வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நல்ல காலம்தான், மூன்று வருஷம் போல. கையைத் தூக்காத வேலைக்கு அவளை மாற்றினார்கள். உட்கார்ந்தபடி, சுற்றி முடித்த வயர்களை மாட்டி லாம்ப் எரிகிறதா என்று சோதிக்கிற வேலை. மாத்திரையால் முகம் ஊதிப்போய்விட்டது. மாமியார் வீட்டுச் சோறு ஒட்டுகிறது என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொன்னார்கள், அவளும் ஆமாம் என்று தலையாட்டினாள். ஒரு மாத்திரை தவறவில்லை. அதை நான் அடித்துச் சொல்வேன், ஏனென்றால் பிற்பாடு ஆளாளுக்கு, மாத்திரையை விட்டிருப்பாள் என்று சுலபமாகச் சொன்னார்கள். ரத்தப் பரிசோதனை நன்றாக வந்தது. டாக்டர் மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். ரத்தத்தில் எல்லாம் அமைதியாகத் தெரிந்தாலும் சுவருக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கலாம், அதை வெளியிலிருந்து கேட்க நம்மிடம் ஒன்றும் இல்லை என்றும் சொல்லியிருந்தார். ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, பாவி.

இரண்டாயிரத்து ஒன்பது, பொங்கல் கழிந்த வாரம். எனக்கு மத்தியான ஷிஃப்ட், வீட்டில் துணி அலசிக்கொண்டிருந்தேன். முனிராஜின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். காவேரி போய்விட்டாள் என்றார். காலையில் அடுப்பு முன்னால் தலைவலி என்று உட்கார்ந்தவள் வலிப்பு வந்து விழுந்தாளாம், எல்லாம் முடிந்துவிட்டதாம். முனிராஜ் கம்பெனியில் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள், அவனுக்கு ஆள் போயிருக்கிறதாம்.

ஈரக் கையோடு அப்படியே பஸ் ஏறினேன். வழியெல்லாம் அழுதேன். சானமாவு காட்டருகே பஸ் நின்றுவிட்டது. முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. யானைக் கூட்டம் ரோட்டோரம் நிற்கிறது, ஃபாரஸ்ட்காரர்கள் வந்து ஓட்டினால்தான் வண்டி விடுவார்கள் என்றார்கள். நான் அவசரப்படவில்லை. செத்துப்போனவள் எங்கே போய்விடப் போகிறாள் என்று ஜன்னலில் தலையைச் சாய்த்திருந்தேன். சனங்கள் இறங்கி யானை பார்க்கப் போனார்கள். எனக்கு முன் சீட்டில் ஒருவர் காய்ச்சல் கண்ட தன் மனைவியின் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. காவேரி செத்துவிட்டாள் என்று யார் பார்த்தது? எதை வைத்துச் சொன்னார்கள்?

திரும்பப் போன் போட்டேன். பக்கத்து வீட்டுக்காரர் எடுத்தார். பின்னால் ஒப்பாரிச் சத்தம். திம்மப்பனே வந்து பார்த்துவிட்டார் அம்மா என்றார். திம்மப்பன் அந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஊசி போடுகிறவர், முன்னாளில் எங்கேயோ கம்பவுண்டர். இரண்டு கையிலும் நாடி இல்லை, பிரஷர் மிஷின் வைத்துப் பார்த்தும் ஒன்றும் ஏறவில்லை என்றாராம். நான் பஸ்ஸுக்குள் நின்று கத்தினேன். கழுத்தைத் தொட்டுப் பாருங்கள், காலைத் தொட்டுப் பாருங்கள், அவளுக்குக் கையில் நாடியே கிடையாது, வருஷக் கணக்காகக் கிடையாது. அவர், மனசைத் தேத்திக்கோம்மா, வந்து முகத்தைப் பாரு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பார். நாடி இல்லாமல் ஒருத்தி வருஷக் கணக்காக வேலைக்குப் போய் வந்தாள் என்று சொன்னால் யார்தான் நம்புவார்கள்? அதற்குப் பிறகு எத்தனை தடவை அடித்தும் அவர் எடுக்கவில்லை.

கண்டக்டர் காலில் விழாத குறை. யானை நிற்கும்போது எப்படியம்மா விடுவது என்றார். நானே இறங்கி நடக்கப் போனேன், ஃபாரஸ்ட்காரர் கையைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். அந்த யானைகளை அன்றைக்கு நான் வைத மாதிரி என் ஜென்மத்தில் ஒருவரையும் வைததில்லை. வழி விட்டபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது.

வாசலில் பந்தல் போட ஆள் வந்திருந்தது. நடுவீட்டில் அவளைத் தெற்கே தலை வைத்துக் கிடத்தியிருந்தார்கள். கழுத்துவரை போர்வை, தாடையில் கட்டு. கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்து வெள்ளைத் துணியால் வெள்ளையம்மாவே கட்டியிருந்தாள். பெண்கள் தோளைக் கட்டிக்கொண்டு அழுகிற சத்தத்தில் மெல்லிய மூச்சை யார் கவனிப்பது? நான் யாரையும் பார்க்கவில்லை. நேராகப் போய்க் காலடியில் விழுந்து, டாக்டர் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன்.

அடித்தது. முன்பு போல் இல்லை, தடுமாறித் தடுமாறி, ஆனால் அடித்தது.

வெள்ளையம்மாவின் கையைப் பிடித்து இழுத்து அதே இடத்தில் வைத்தேன். அவள் முகம் மாறியதை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். தான் போட்ட முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் பல்லால் கடித்து இழுத்தாள். பந்தல் போட வந்த வேனிலேயே மூங்கிலை உதறிவிட்டு அவளைத் தூக்கிப் போட்டோம். கிருஷ்ணகிரி வரைக்கும் வெள்ளையம்மா அந்தக் காலை விடவே இல்லை, இருக்குது, இருக்குது என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.

மூளையில் ரத்தம் கசிந்திருந்தது. எப்போது விழுந்தாள் என்று டாக்டர் கேட்டார். காலையில் என்றோம். ஏன் இவ்வளவு நேரம் என்றார். முன்னமே கொண்டுவந்திருந்தால் உறுதியாகப் பிழைத்திருப்பாள் என்று அவர் சொல்லவில்லை. பிழைத்திருக்க மாட்டாள் என்றும் சொல்லவில்லை. அந்த ஒன்றைத்தான் நான் இன்றைக்கும் மென்றுகொண்டிருக்கிறேன். முனிராஜ் கம்பெனி யூனிஃபார்மோடு வந்து சுவரில் தலையை மோதிக்கொண்டான். நான்தான் இருக்கிறேனே என்று சொன்ன ஆள். அவனைப் பிடித்து நாலு அறை விட வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

அந்த வாரக் கடைசி வரை இருந்தாள். கண்ணைத் திறக்கவே இல்லை. ஆஸ்பத்திரியில் எல்லாக் கருவியையும் வைத்துப் பார்த்துவிட்டு, முடிந்தது என்று எழுதிக் கையில் கொடுத்தார்கள்.

அதே நடுவீடு, அதே பந்தல்காரர்கள். தளியிலிருந்து வந்த சாந்தம்மாவும் ராமப்பனும் மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். அனுப்ரியாவை யாரோ பக்கத்து வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். எல்லாம் தயார், தூக்க வேண்டியதுதான் பாக்கி. காலைக் கட்ட மட்டும் வெள்ளையம்மா விடவில்லை. இரண்டு பாதத்தையும் மடியில் வைத்துக்கொண்டு, மேலே விரலை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரியிலேயே சொல்லிவிட்டார்கள் என்று ஊர்ப் பெரியவர்கள் சொன்னார்கள். அன்றைக்கும்தான் சொன்னார்கள் என்றாள். முனிராஜ் சொல்லிப் பார்த்தான். அவனை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வெயில் சாய ஆரம்பித்தது. கடைசியில் என்னைக் கூப்பிட்டாள்.

"நீ பாரும்மா. நீ சொன்னாத்தான் கட்டுவேன்."

கூட்டம் முழுக்க என்னைப் பார்த்தது. போய் உட்கார்ந்தேன். டாக்டர் காட்டிய இடத்தில் விரலை வைத்தேன். முன்பெல்லாம் கைதான் ஜில்லென்றிருக்கும், கால் சூடாக இருக்கும். இப்போது இரண்டும் ஒன்றாகிவிட்டது. எங்கேயாவது ஒரு துடிப்பு வராதா என்று விரலை நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். ஒரு தடவை அடித்தது போலக்கூட இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன், அது என் விரலில் ஓடுகிற நாடி. வெள்ளையம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை.

"கட்டுங்க அத்தை" என்றேன்.